கடலோரக் கொடிக்கம்பங்கள் – 11: எம்.பி. போனார், தொகுதி போகவில்லை

1977 மார்ச். நெருக்கடி நிலைக்குப் பிறகு நாடு வாக்களித்த முதல் தேர்தல். வடக்கே இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றுப்போனார். தமிழ்நாட்டிலோ காற்று நேர் எதிராக அடித்தது. கட்சி தொடங்கி ஐந்து வருடம்கூட ஆகாத எம்.ஜி.ஆரும் காங்கிரசும் கைகோத்த அணி, மாநிலத்தின் பெரும்பாலான மக்களவைத் தொகுதிகளை அள்ளிக்கொண்டது. தி.மு.க. கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. 'கிட்டத்தட்ட' என்று சொல்லவேண்டியிருப்பதற்கு வட சென்னை ஒரு காரணம். துறைமுகத்தையும் ராயபுரத்தையும் ஒட்டிய அந்தத் தொகுதி தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியை டெல்லிக்கு அனுப்பியது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. 1967-இலும் 1971-இலும் வட சென்னையில் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர் நாஞ்சில் கி. மனோகரன். பேச்சில் வல்லவர், கட்சியில் முன்வரிசைக்காரர். எம்.ஜி.ஆர். பிரிந்தபோது அவரும் உடன் போனார், 1977-இல் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் ஆனார். எம்.பி. போய்விட்டார், தொகுதி போகவில்லை. அதுவும் எப்படிப்பட்ட தொகுதி? எம்.ஜி.ஆரை 'வாத்தியார்' என்று உரிமையோடு அழைத்த ஊர். 'படகோட்டி'யில் மீனவர், 'தொழிலாளி'யில் பாட்டாளி, 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷா ஓட்டுபவர் என்று திரையில் அவர் எடுத்த வேடங்கள் எல்லாம் இந்த மண்ணின் பிழைப்புகள். படம் வெளியான அன்று கொட்டகை வாசலில் தோரணம் கட்டியவர்கள், வாக்குச் சாவடியில் வேறு சின்னத்தில் முத்திரை குத்தினார்கள்.

ரசிகர் வேறு, கட்சிக்காரர் வேறு என்று ஒரு வரியில் இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் ஒரு மனிதர் எப்போது, எப்படி ஒரு 'கட்சிக்காரர்' ஆகிறார்? அதற்கு விடை தேட 1977-இலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும்.

முதலில் பெரம்பூர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர்; செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றார்கள். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் நெசவும் நூற்பும் செய்தவர்களுக்கு 'நாம் தொழிலாளர்' என்ற புது அடையாளம் அங்கே பிறந்தது. மூன்றே ஆண்டில் அது உடைந்தும் போனது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆதிதிராவிடர்களுக்கு அரசு செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூறினார்கள். அந்தக் கட்சியிலேயே இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923-இல் விலகினார். 'தொழிலாளர்' என்று எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்த சங்கம், அந்தப் பெயருக்குள் சேரி இருக்கிறதா இல்லையா என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. வட சென்னையின் அரசியலை எழுதுகிறவர்கள் பலரும் 1918-ஐக் கொண்டாடிவிட்டு 1921-ஐ அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக்கூடாத இடம் அது. 'மக்கள்' என்று யாரைத் திரட்டினாலும், அந்தத் திரட்டலுக்கு ஒரு வேலி இருக்கிறது என்பதை இந்த நகரம் முதலில் நெருப்பில்தான் கண்டது.

அடுத்த இடம் மூலக்கொத்தளம். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசன் 1939 ஜனவரி 15-இல் உயிரிழந்தார். இரண்டு மாதத்தில் தாளமுத்துவும் போனார். இருவரும் மூலக்கொத்தளத்தில் புதைக்கப்பட்டார்கள். நடராசன் இதே வட சென்னையின் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர். மொழிப்போரின் முதல் பெயரே ஒரு ஆதிதிராவிட இளைஞனின் பெயராக அமைந்தது. புளியந்தோப்பில் விழுந்த பிளவை இது ஒட்டிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் 'தமிழர்' என்ற பெயருக்குள் தனக்கும் இடம் உண்டு என்று ஒரு சேரித் தெரு சொல்லிக்கொள்ள அந்தக் கல்லறை ஆதாரமானது. இன்றும் மொழிப்போர் தியாகிகள் நாளான ஜனவரி 25-இல் கட்சிகள் அங்கே மலர்வளையத்தோடு வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது, ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர். ராயபுரத்தின் அந்தத் திடலில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கத்தை அண்ணா அறிவித்தார். பூங்காவுக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. கூட்டத்துக்கு ராயபுரத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு உண்டு. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஏற்கெனவே காங்கிரஸ் மேடைகளுக்குப் பழகியவை. ராயபுரத்திலோ ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில்வே, வடக்கே ஆலைகள், கிழக்கே மீனவக் குப்பங்கள். இன்னும் யாருக்கும் முழுதாகச் சொந்தமாகாத கூட்டம் அது.

யாருக்கும் சொந்தமாகவில்லை என்பதற்கு 1957 தேர்தலே சாட்சி. அன்று வட சென்னை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தது எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையை. யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கையின் இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்தவர். 1947-இல் பின்னி ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்தியவர். பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லாமல், சங்கத்தின் பலத்திலேயே நாடாளுமன்றம் போனவர். 1957-இல் தொழிற்சங்கத் தலைவர், 1962-இல் காங்கிரஸ், 1967-இல் தி.மு.க. பத்தே ஆண்டில் ஒரு தொகுதி மூன்று விதமாக வாக்களித்திருக்கிறது. அந்தப் பத்தாண்டில்தான் இங்கே ஒரு புதிய அரசியல் மனிதர் உருவானார்.

அவர் உருவான இடம் மேடை அல்ல, படிப்பகம். தெருமுனையில் ஒரு ஓலைக் கொட்டகை. இரண்டு பெஞ்சு, தகரப் பலகையில் அண்ணாவின் பெயரோ பெரியாரின் பெயரோ, வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி. காலையில் பேப்பர் வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், வலையைக் காயப்போட்டுவிட்டு வந்தவர், முடிவெட்டுக் கடைக்காரர் எல்லோரும் கேட்பார்கள். அண்ணா வாரந்தோறும் எழுதிய 'தம்பிக்கு' கடிதங்கள் அப்படி வாசிக்கப்பட்டபோது, கேட்டவர்கள் எல்லோரும் தம்பிகள் ஆனார்கள். கூலிக்காரன், குப்பத்தான், சேரிக்காரன் என்று அதுவரை அழைக்கப்பட்டவருக்கு வீட்டு உறவாக ஒரு விளி கிடைத்தது. அதே ஆளுக்குக் கிளைக் கழகத்தில் ஒரு பொறுப்பு, ரசீதுப் புத்தகம், வட்டச் செயலாளரோடு நேரடிப் பழக்கம். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரிந்துபோனது. 1959 மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. வென்று அ.பொ. அரசு மேயரானபோது, அந்தப் பழக்கம் அதிகாரத்தோடும் இணைந்தது. வெற்றிக்கு உழைத்த கருணாநிதிக்கு அண்ணா கணையாழி அணிவித்த கதை கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த மாநகராட்சி வெற்றியின் பெரும் பயன் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வட்டச் செயலாளர் கைக்கு எட்டியதுதான்.

கடல் கடந்த ஒரு கூட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1945 அக்டோபர் 17, அர்ஜென்டினா. தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த ராணுவ அதிகாரி ஹுவான் பெரோனைக் கைது செய்திருந்தார்கள். அவரை விடுவிக்கக் கோரி புவனஸ் ஐரிசின் புறநகர் ஆலைகளிலிருந்தும் இறைச்சிக் கூடங்களிலிருந்தும் தொழிலாளர்கள் கிளம்பி அரசு மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தை நிறைத்தார்கள். களைத்துப்போனவர்கள் சதுக்கத்து நீரூற்றில் கால் நனைத்தார்கள். நகரத்துக் கனவான்கள் முகம் சுளித்தார்கள். 'சட்டையில்லாதவர்கள்' என்ற ஏளனப் பெயரைப் பெரோனும் அவர் மனைவி எவிட்டாவும் பெருமைப் பட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டே பெரோன் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார்.

அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த அரசியல் கோட்பாட்டாளர் எர்னெஸ்டோ லக்லாவ், பிற்காலத்தில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒருவருக்குத் தண்ணீர் இல்லை, ஒருவருக்குக் கூலி போதவில்லை, ஒருவருக்கு வீடு இல்லை. தனித்தனியாக இருக்கும்வரை இவை மனுக்கள். எல்லாவற்றையும் மறுப்பது ஒரே ஆள் என்று தோன்றும்போது அவை சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஏதோ ஒரு பெயரோ முழக்கமோ அந்தச் சங்கிலி முழுவதுக்கும் பொதுவாகிறது. அப்படித்தான் 'மக்கள்' என்ற அரசியல் உருவம் பிறக்கிறது என்றார் லக்லாவ். வெகுஜன அரசியலை வெறும் ஆசைகாட்டல் என்று ஒதுக்கிவிடும் பழக்கத்துக்கு அவருடைய வாதம் நல்ல பதில்.

1967 தமிழ்நாடு அந்த வாதத்துக்கு அச்சில் வார்த்த உதாரணம். 1965-இல் இந்தி எதிர்ப்பு, துப்பாக்கிச்சூடு. அதன் பின்னாலேயே அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் வரிசை, வெளியே பதுக்கல் விலை. மாணவருக்கு மொழி, தாய்க்கு அரிசி, ஆலைக்காரருக்குக் கூலி, குடிசைக்காரருக்குத் தீ பயம். எல்லாப் புகாருக்கும் எதிரே நின்றது ஒரே காங்கிரஸ் ஆட்சி. இத்தனையையும் கோத்த முழக்கம் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி'. மூன்று லட்சியம், ஒன்று நிச்சயம் என்று அண்ணா எச்சரிக்கையாகவே பேசினார். விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார்.

வட சென்னையில் அந்தப் படி எப்படி இருந்தது? எட்டு ஆழாக்கு கொள்ளும் பித்தளைப் படி. கடைக்காரர் அரிசியைக் கொட்டித் தலை தட்டும் அந்த ஒரு நொடி எல்லாக் கண்ணும் அவர் கையிலேயே இருக்கும். தலை தட்டியதில் அரைக் கைப்பிடி கூடினாலும் குறைந்தாலும் அன்றிரவு உலைக்கு அது கணக்கு. அந்த ஒரு படியை ஒரு ரூபாய்க்குத் தரும் திட்டம் 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதும் கொண்டுபோக அரசிடம் பணம் இல்லை. மூன்று படி எங்கே என்று எதிர்க்கட்சி கேட்டது, நியாயமான கேள்விதான். ஆனால் கொடுத்த வாக்கை அளவு வைத்துக் கேட்கலாம் என்ற பழக்கம் தொடங்கியது அங்கேதான். வாக்காளர் ஆட்சியாளரிடம் கைகட்டி நிற்காமல் படியைக் காட்டி வாதாடினார். அதை மலிவு அரசியல் என்று எழுதியவர்கள், பசியோடு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

பிறகு வீடு. கோடை வந்தால் சென்னைக் குடிசைகள் எரியும். தீப்பிடிக்காத வீடுகள் கட்டும் வேலையை அண்ணா ஆட்சி தொடங்கியது. 1970-இல் குடிசை மாற்று வாரியம், 1971-இல் அதற்கான சட்டம். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தோடு அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1973-இல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. ரிக்‌ஷாக்காரராகத் திரையில் நடித்தவர் எம்.ஜி.ஆர்.; மழையில் நனைந்த ரிக்‌ஷாக்காரர்களுக்குச் சொந்தக் காசில் மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கைரிக்‌ஷாவையே ஒழித்தது கருணாநிதி அரசு. இரண்டும் அன்பில் விளைந்தவைதான். ஒன்றில் வள்ளல் கொடுக்கிறார், மற்றதில் அரசு ஒரு இழிவை முடிக்கிறது.

ஆய்வாளர் நரேந்திர சுப்பிரமணியன் திராவிடக் கட்சிகளின் அரசியலை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார். தி.மு.க. வளர்த்தது உரிமை கோரும் வெகுஜன அரசியல். நீ எழுந்து நில், உன் பங்கைக் கேள் என்பது அதன் குரல். அ.தி.மு.க. வளர்த்தது காக்கும் கரத்தின் அரசியல். தாய்மாருக்கும் ஏழைக்கும் நான் இருக்கிறேன் என்பது அதன் குரல். எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளை எப்படிக் கட்டிப்போட்டது என்று 1992-இல் ஒரு நூலே எழுதினார். இருவருமே கூர்மையானவர்கள். ஆனால் பாண்டியனின் வாதத்தோடு வட சென்னைக்கு வந்தால் இடிக்கிறது. பிம்பம் எல்லா ஊர்க் கொட்டகையிலும் ஒன்றேதான். படிப்பகமும் வட்டச் செயலாளரும் ஏற்கெனவே வேரூன்றிய தெருவில், பிம்பம் மட்டும் வாக்கைப் பெயர்த்துவிடவில்லை.

1972 அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் கேட்டார். 10-ஆம் தேதி இடைநீக்கம், 17-ஆம் தேதி புதுக்கட்சி. அடுத்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்றது. தெற்கு மாவட்டங்களில் எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்கள் ஒரே இரவில் கிளைகளாக மாறின. வட சென்னையிலும் மன்றங்கள் மாறின. அண்ணன் உதயசூரியன், தம்பி இரட்டை இலை என்று வீடுகள் இரண்டுபட்டன. ஆனால் 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு நடந்தவை இந்தத் தெருக்களுக்கு மிக அருகில் நடந்தன. நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தின் கீழ் கைதானவர்கள் அடைக்கப்பட்ட மத்தியச் சிறை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவர் முன்னாள் மேயர் சிட்டிபாபு. 1977 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் தேர்தல். சிறைக் கொடுமைகளை விசாரிக்கப் பின்னர் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அமைந்தது. தெரு அதற்கு முன்பே தீர்ப்பெழுதிவிட்டது. ஆசைத்தம்பியும் மிசா கைதிதான்.

1977 ஏதோ தற்செயல் என்று நினைப்பவர்களுக்கு 1984 இருக்கிறது. இந்திரா காந்தி படுகொலையின் அனுதாபம், அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். மேலான பாசம், இரண்டும் சேர்ந்த அலை. அந்த அலையிலும் வட சென்னை தி.மு.க.வின் என்.வி.என். சோமுவைத் தேர்ந்தெடுத்தது. தி.மு.க.வைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவரான என்.வி. நடராசனின் மகன் அவர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வாக்கு உதயசூரியனுக்கு என்றால் ஆலைச் சங்கமும் அந்தக் கட்சிக்கே என்று பொருள் இல்லை. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு. இந்த ஆலைப் பகுதியில் வி.பி. சிந்தன் போன்ற இடதுசாரித் தலைவர்களும் ஆர். குசேலர் போன்றவர்களும் தொழிலாளரிடம் பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். 1970-இல் தி.மு.க. தனக்கென்று தொழிலாளர் முன்னேற்றச் சங்கப் பேரவையைத் தொடங்கியும் அந்த இடத்தை எளிதில் பிடிக்க முடியவில்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்குச் செங்கொடி, தேர்தலுக்குக் கறுப்பு சிவப்பு, ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வாத்தியார் படம். ஒரே மனிதர் மூன்றையும் குழப்பமின்றி வைத்துக்கொண்டார். இதைக் கொள்கையின்மை என்று பழித்த தோழர்கள் உண்டு. முதலாளியிடம் பேசத் தெரிந்தவர் ஒருவர், அரசாங்கத்திடம் பேசத் தெரிந்தவர் இன்னொருவர் என்று தொழிலாளி வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். தெளிவான அரசியல் அறிவு அது.

ஆலைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. சாத்தாங்காட்டைப் பாருங்கள். திருவொற்றியூருக்கு மேற்கே, மணலிக்குப் போகும் வழியில், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி இருக்கிறது. ஜார்ஜ் டவுன் தெருக்களில் நெருக்கியடித்துக் கிடந்த இரும்பு வியாபாரத்தை நகருக்கு வெளியே கொண்டுபோக சி.எம்.டி.ஏ. இங்கே இரும்புச் சந்தையை அமைத்தது. டிரெய்லர்களில் கம்பியும் தகடும் வந்து இறங்கும், லாரிகளில் ஏறிப் போகும். இறக்கி ஏற்றும் லோடுமேனுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஷிஃப்ட் இல்லை. முதலாளி யார் என்பதே சுமைக்குச் சுமை மாறும். ஆலைச் சங்கத்தின் 'தொழிலாளி' என்ற பெயர் இவரைப் போன்றவர்களைச் சட்டப்படி தொடவே இல்லை. அந்த இடைவெளியில் 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்ததுதான் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். சுமை தூக்குபவர், கட்டுமான வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் என்று தொழில்வாரியாக நல வாரியங்கள் பின்னர் அந்தச் சட்டத்தின் கீழேதான் வளர்ந்தன. வாரியத்தின் அடையாள அட்டை கையில் வந்தபோது, கணக்கில் இல்லாத ஒரு மனிதர் முதன்முறையாக அரசின் ஏட்டில் தன் தொழிலின் பெயரோடு பதிவானார். காக்கும் கரத்தின் அரசியல் என்று அ.தி.மு.க.வைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும். அதேபோல, ஏழையின் சிரிப்பைப் பேசிய வாரியமே பின்னாளில் நகரத்து ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பிழைப்பை விட்டுத் தூரமாக அனுப்பியதற்கு இரண்டு கட்சி ஆட்சிகளும் பதில் சொல்லியாகவேண்டும்.

வெகுஜன அரசியலைப் பற்றி இன்று உலகெங்கும் ஓர் அச்சம் பேசப்படுகிறது. நான் மட்டுமே மக்கள், என்னை எதிர்ப்பவர் மக்களே அல்லர் என்று சொல்லும் தலைவர்களைப் பற்றிய அச்சம் அது. ஜெர்மானிய அறிஞர் யான்-வெர்னர் முல்லர், வெகுஜனவாதத்தின் இலக்கணமே இந்த மறுப்புதான் என்கிறார். திராவிடக் கட்சிகளிடமும் அந்தத் தொனி எழாமல் இல்லை. 'துரோகி' என்ற சொல் மேடைகளில் தாராளமாகவே புழங்கியது. ஆனால் வட சென்னைத் தெருவில் உதயசூரியன் கொடிக்கம்பத்துக்குப் பத்தடி தள்ளி இரட்டை இலைக் கொடிக்கம்பம் நின்றது, அதற்கடுத்துச் செங்கொடி. காலையில் சண்டை போட்டவர்கள் மாலையில் ஒரே டீக்கடையில் ஒரே பேப்பரைப் பங்குபோட்டுப் படித்தார்கள். தோற்ற கட்சி ஆட்சியை விட்டு இறங்கியது, மறுபடி வந்தது. மக்கள் என்ற பெயருக்கு ஒரே ஒரு உரிமையாளர் இங்கே அமையாமல் போனதற்கு, தெருவுக்குள் இருந்த இந்தப் போட்டியே முக்கியக் காரணம்.

அந்தப் போட்டி 1991-இல் புதிய கட்டத்துக்குள் போனது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் துறைமுகம் தொகுதியில் கருணாநிதி 890 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். பக்கத்திலேயே, கட்சி பிறந்த ராயபுரம் கைவிட்டுப் போனது. அங்கே அ.தி.மு.க.வின் டி. ஜெயக்குமார் வென்றார், 1996 நீங்கலாக 2016 வரை நடந்த எல்லாச் சட்டமன்றத் தேர்தல்களிலும் அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது. ஆலைகள் சுருங்கத் தொடங்கிய காலமும் அதுதான். படிப்பகம் வளர்த்த கட்சிக்காரரின் இடத்துக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் குப்பத்துப் பஞ்சாயத்தும் எப்படி வந்தன என்பது காசிமேட்டிலிருந்து தொடங்கவேண்டிய கதை.

(தொடரும்)